நாண் ஏற்றாத மாதங்கள்

பங்குனி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தது. பூமிநாதன் மட்டும் ஆச்சி வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய குளிர்ந்த தரையில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கானாடுகாத்தானில் இருந்த அந்தப் பெரிய வீட்டின் சொந்தக்காரர்கள் பினாங்கில் இருந்தார்கள். பிள்ளையார் நோன்புக்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. வீட்டைத் திறந்து பெருக்குவதும் விளக்கு வைப்பதும் திரும்பப் பூட்டுவதும் பூமிநாதன், அவன் பெண்டாட்டி முத்தழகு இரண்டு பேருடைய பொறுப்பு. பெருக்குவது, விளக்கு வைப்பது, பூட்டுவது எல்லாம் முத்தழகு. பொறுப்பு மட்டும் அவனுடையது.

அவள் அப்போதுதான் தம்பி சின்னக்கருப்பு வீட்டிலிருந்து வந்திருந்தாள். அவன் தொடைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, மனசு கொதிக்கக் கொதிக்க நடந்து வந்திருந்தாள். புண் வாய் மூடிவிட்டது. உள்ளே அறுந்த நரம்பை யார் தைத்தது? பயல் காலை இழுத்து இழுத்து வைக்கிறான். தாய் இல்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. ஏர் பிடிக்கிற வயதில் கம்பு பிடித்து நடக்கிறான். அவன் தொடையில் அம்பை ஏற்றிய மகராசன் இங்கே காலை அகட்டிப் போட்டுத் தூங்குகிறான்.

கையில் இருந்த துடைப்பத்தைத் தூணில் வீசி அடித்தாள். பூமிநாதன் புரண்டு படுத்தான், எழுந்திருக்கவில்லை.

அவர்களுடைய ஊர் கருவேலங்குடி, கானாடுகாத்தானுக்கு மேற்கே ஒரு நடை தூரம். மாசியில் சிவராத்திரி கழிந்ததும் அங்கே பாரி வேட்டை. மற்ற ஊர்க்காரர்களுக்கு வேல்கம்பும் வலையும் நாயும் போதும். கருவேலங்குடியில் மட்டும் முதல் உயிர் வில்லில்தான் விழ வேண்டும். அந்த முதல் அம்பு பூமிநாதன் வீட்டுப் பாத்தியம். அவன் வில்லுக்கு எதிரே இருக்கிற முதல் புதரில் புகுந்து, தடியால் அடித்துப் பன்றியைக் கிளப்ப வேண்டியவன் அவன் மச்சினன். பெண் கொடுத்த வீட்டுக்கு ஊர் செய்கிற மரியாதையாம் அது! கட்டிக்கொடுத்தவளின் கூடப்பிறந்தவனைக் கொண்டுபோய் அம்புக்கு நேரே நிறுத்துவது என்ன மரியாதையோ. அதைக் கண்டுபிடித்த ஆள் கையில் கிடைத்திருந்தால் முத்தழகு இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள்.

இந்த மாசியில் பன்றி ஒரு பக்கம் ஓடியது, அம்பு வேறு பக்கம் போய்ச் சின்னக்கருப்புவின் தொடையில் நின்றது. ஊரில் ஒருத்தன் வாய் திறக்கவில்லை. வேட்டையில் மனுசன் மேல் பட்டால் அது சாமி அம்பு. ஏன் என்று கேட்கக் கூடாது, பகை வைக்கக் கூடாது. அய்யனார் கோயில் பூசாரி வேளார் ஒரு கை திருநீற்றை அள்ளிக் காயத்தில் அப்பினார். ஊர்த் தலைவரான அம்பலம் கோட்டைச்சாமி, "உசுரு தப்புச்சே, சாமி காப்பாத்திருச்சு" என்றார். தம்பிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மச்சான்" என்று சிரித்தானாம். அதைக் கேள்விப்பட்டபோது அவனையும் சேர்த்து அறைய வேண்டும் போல இருந்தது முத்தழகுக்கு.

"ஏங்க, எந்திரிங்க."

"என்ன புள்ள..."

"அடுத்த மாசி எட்டிப் பாக்குறதுக்குள்ள கை பழக வேண்டாமா? இப்பிடிப் படுத்தே கெடந்தா அம்பு எங்குட்டுப் போகும்?"

அவன் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான். "காப்புக் கட்டாம நாண் ஏத்தக் கூடாது. ஊருக் கட்டுப்பாடு. புதுசாக் கேக்குற?"

கட்டுப்பாடு உண்மைதான். வேட்டை முடிந்ததும் வில்களின் நாணை இறக்கி, எண்ணெய் பூசி, அய்யனார் கோயில் உத்திரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். அடுத்த மாசியில் காப்புக் கட்டும் வரை ஒருவனும் வில்லை வளைக்கக் கூடாது. ஆனால் உடம்பை வளைக்கக் கூடாது என்று எந்த அய்யனார் சொன்னார்? இரண்டாம் அம்புக்காரன் முத்துராமலிங்கம் வேட்டை முடிந்த மறுவாரமே கண்மாய்க் கரையில் ஓட ஆரம்பித்துவிட்டான். பயற்றங்கொல்லையில் பரண் மேல் நின்று கவண்கல்லால் கிளி விரட்டினான். வைத்த குறி தப்பவில்லை. பன்றி எந்த ஓடையில் புரள்கிறது, குட்டியோடு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அன்றாடம் தடம் பார்த்துவைத்தான். பூமிநாதன் பார்த்துவைத்தது ஆச்சி வீட்டில் எந்தத் தரை அதிகம் குளிர்கிறது என்பதைத்தான்.

"சாமி குத்தம் சாமி குத்தம்னு சொல்லிக்கிட்டே சோம்பேறியாத் திரியிறீக. ஒங்களுக்கு நல்ல சாமிதான் வாச்சிருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவனை விடவில்லை. ஆச்சி வீட்டுக் கிணற்றில் அவள்தான் தண்ணீர் இறைப்பாள். இனி அவன் இறைக்க வேண்டும், அதுவும் நாண் இழுக்கிற வலது கையால் மட்டும். கொல்லையில் பல வருசமாகக் கிடந்த புளியங்கட்டைகளைப் பிளக்கச் சொன்னாள். காலையில் கருவேலங்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு ரோட்டு வழியாக வரக் கூடாது, முள்ளுக்காட்டு வழியாகச் சருகு சத்தம் கேட்காமல் நடந்து வர வேண்டும் என்றாள். ஆச்சரியம் என்னவென்றால் அவன் மறுக்கவில்லை. முணுமுணுத்தான், ஆனால் செய்தான். ஆடி பிறப்பதற்குள் தோள் திரண்டுவிட்டது. தொப்பை உள்ளே போய்விட்டது. தெருவில் அவன் நிமிர்ந்து போவதைப் பார்த்து அவளுக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எதிரே வருகிறவர்களை ஏறிட்டும் பார்க்க மாட்டான், வாய்விட்டுக் கூப்பிட்டால்தான் நிற்பான். திமிர் பிடித்தவன் என்று ஊரில் பேர். முதல் அம்புக்காரனுக்கு அந்தத் திமிர் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வில் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நாண் ஏத்துறது மட்டும் ஆகாது புள்ள. வேற என்ன வேணாலும் சொல்லு."

ஒருநாள் அவளே மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தாள். கயிறும் கொண்டு வந்தாள். ஆச்சி வீட்டு வாசல் கதவை உள்ளே தாழ் போட்டாள்.

"கட்டுப்பாடு ஊருக்கு. இது ஆச்சி வீடு. இங்க எந்த அம்பலம் வந்து எட்டிப் பாக்கப் போறாரு?"

"சாமி பாக்கும்."

"பாக்கட்டும். எந்தம்பி தொடையில ஏறுனப்பவும் பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு? அப்ப ஒண்ணும் செய்யலையே."

வேண்டாவெறுப்பாக மூங்கிலைச் சீவினான். நாண் கட்டினான். குச்சிகளைச் செதுக்கி முனையில் ஆணி வைத்து நாலைந்து அம்பு செய்தான். கை வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற வேலையில் என்று அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த வீட்டில் தலைவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கதவு வரை ஒரே நேராகத் தெரியும். அம்பு பழக அதைவிட நல்ல இடம் சீமையில் கிடைக்காது. முத்தழகு ஒரு சாக்கில் வைக்கோலைத் திணித்து, சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கொல்லைக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். திரும்பி வந்து தரையில் கிடந்த வில்லை எடுத்து நீட்டினாள்.

"தொடாத! பொம்பள தொட்ட வில்லு அந்த வருசத்துக்கு ஆகாது."

"அது கோயில் வில்லுக்கு. இது நான் வெட்டுன மூங்கி. பிடிங்க."

அவன் வாங்கி, அம்பைப் பூட்டி, நாணைக் காது வரை இழுத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்பு வளவுத் தூணில் போய்க் குத்தி நின்றது.

"ஐயையோ, ஆச்சி வீட்டுத் தேக்கு! எங்குட்டுப் பாத்து விடுறீக?"

இரண்டாவது அம்பு இரண்டாம் கட்டு நிலைக்கு மேலே சுவரில் பட்டுச் சுண்ணாம்பை உதிர்த்தது. மூன்றாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று, வேறென்ன என்று நினைத்தாள். சாக்கை இழுத்து வந்து அடுப்படி வாசலில் வைத்தாள். பட்டபாடில்லை. இன்னும் இழுத்து இரண்டாம் கட்டில் வைத்தாள். அம்பு உரசிக்கொண்டு போனது. கடைசியில் வளவின் இந்தப் பக்கமே, அவனுக்கு எதிரே பத்தடியில் கொண்டுவந்து போட்டாள். வட்டத்தின் நடுவில் பாய்ந்தது. அடுத்ததும் அதே இடத்தில் பாய்ந்தது.

கை நடுங்கவில்லை. தோளில் பலம் இருக்கிறது. அப்புறம் என்ன? அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாக்கைத் திரும்பவும் கொல்லைக் கதவு வரை தூக்கிக்கொண்டு போனாள். அங்கே வைக்கவில்லை. பக்கத்து அறைக்குள் தள்ளிவிட்டு, வெறும் கையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"வச்சாச்சு. விடுங்க!"

பூமிநாதன் காலை அகட்டி நின்றான். மூச்சை அடக்கினான். நிதானமாகக் குறி பார்த்தான். அம்பு வெறும் காற்றில் வந்து கொல்லைக் கதவில் மோதிக் கீழே விழுந்தது.

"பட்டுச்சா?" என்று கேட்டான்.

முத்தழகு அவ்வளவு நீள வீட்டையும் நடந்து கடந்து வந்து, அவன் தாடையைப் பிடித்து முற்றத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கருவிழி புகை பிடித்த சிம்னி மாதிரி மங்கியிருந்தது. இத்தனை நாள் ஒரே பாயில் படுத்து எழுந்தும் அவள் அதைப் பார்க்கவில்லை.

"எம்புட்டு நாளா?"

"என்னது?"

"கண்ணு எம்புட்டு நாளாத் தெரியல?"

அவன் வில்லைக் கீழே வைத்தான். "ரெண்டு வருசமா. கிட்டத்துல நல்லாத்தான் தெரியுது. தூரத்துல பனி மாதிரி..."

"அப்ப போன மாசியில?"

அவன் குனிந்து வில்லின் நாணை அவிழ்க்கத் தொடங்கினான்.

"போன மாசியில என்ன தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்க!"

"புதருக்குள்ள என்னமோ அசைஞ்சுச்சு. பன்னிதான்னு விட்டேன்."

அசைந்தது பன்றியா, அவள் தூக்கி வளர்த்த பிள்ளையா என்று தெரியாமல் இந்த ஆள் நாணை விட்டிருக்கிறான். தெரியாது என்று தெரிந்தே விட்டிருக்கிறான். சோம்பேறி என்றுதானே இத்தனை நாள் திட்டினாள்? சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா! கட்டுப்பாடு, சாமி குத்தம் என்று சொன்னதெல்லாம் இந்தக் கண்ணை மூடி மறைக்கத்தான். அவள் கிடந்த அம்புகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து ஒடித்தாள். பிறகு சாக்கைத் தேடிப் போய் வைக்கோல் பிதுங்க அதை உதைத்தாள். அவனை உதைக்க முடியாத குறை.

"ஆத்திரப்படாத புள்ள..."

"வேற என்னத்தப் படச் சொல்றீக?"

மதுரையில் கண்ணில் சதை உரித்து விடுகிறார்களே, கோட்டையூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் போய் வந்து நன்றாக இருக்கிறாரே என்று சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

"கண்ணைக் கட்டிக்கிட்டுக் கெடந்தா ஊரு கேக்காதா? அப்புறம் சோடாப்புட்டிக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து முதல் அம்பு விடவா? முத்துராமலிங்கம் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். இல்ல, முதல் அம்ப அவனுக்கே விட்டுக்குடுங்க."

"எங்க அப்பன், பாட்டன் விட்ட அம்பு. நான் எப்பிடி எங்கையால விட்டுக்குடுக்க?"

சட்டென்று அவள் கையைப் பிடித்து, அவள் கழுத்துத் தாலி மேல் வைத்து அழுத்தினான். "யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. வெளிய தெரிஞ்சா என்னைய உசுரோட பாக்க மாட்ட."

அவள் செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டாள். அந்தக் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் வாய் தானாகச் சத்தியம் என்று சொல்லிவிட்டது. சொன்ன வாயைத் தைத்தாலும் தேவலை என்று வீடு வரை தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது, கார்த்திகையில் நடவு முடிந்தது. பூமிநாதன் அதன் பிறகும் தண்ணீர் இறைத்தான், கட்டை பிளந்தான், முள்ளுக்காட்டு வழியே நடந்தான். யாரும் சொல்லாமலே செய்தான். பார்க்கிறவர்கள், "இந்த வருசம் பூமிநாதன் வெறியாத்தான் இருக்கான்" என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் முத்தழகு வேறு தெருவில் திரும்பிவிடுவாள். பலம் கூடக் கூட அம்பு இன்னும் ஆழமாக இறங்கும். அவ்வளவுதான் அதில் லாபம்.

தை பிறந்ததும் தம்பி வீட்டுக்குப் போனாள். சின்னக்கருப்பு வாசலில் உட்கார்ந்து, புதர் கலைக்கிற தடியைத் தீயில் வாட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுமே அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இந்த வருசம் நீ போக வேண்டாம்டா."

"ஏங்க்கா?"

"காலு சரியில்லைன்னு சொல்லிரு."

"சரியாத்தான் இருக்கு."

"எந்திரிச்சு நாலு எட்டு நட பாப்போம்."

அவன் எழுந்திருக்கவில்லை. தடியைத் திருப்பித் திருப்பி வாட்டினான். பிறகு தலை நிமிராமலே சொன்னான். "மச்சானுக்குக் கண்ணு தெரியலைன்னு எனக்குத் தெரியும்க்கா."

முத்தழகு அவன் எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்ப விடுறப்ப அவரு மொகத்தப் பாத்தேன். நான் 'மச்சான், நான் இங்க இருக்கேன்'னு கத்துனேன். கொட்டுச் சத்தத்துல கேக்கல. நேரா என்னையத்தான் பாத்தாரு, கண்ணுக்கு அடையாளந் தெரியல."

"தெரிஞ்சுமா இத்தன நாள் வாய மூடிக்கிட்டு இருந்த?"

"சொன்னா அவர மட்டுமா சிரிப்பாக? ஒன்னையவும் சேத்துத்தான் சிரிப்பாக."

"எனக்காகவா? எனக்காக இன்னொரு தொடையையும் காட்டப் போறியாக்கும்?"

"ஒரு தடவ அடிபட்டதும் பயந்து ஒதுங்கிட்டான்னு பேரு வேணுமா எனக்கு? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? இந்த வாட்டி சுதாரிப்பா நின்னு, நாண் சத்தம் கேட்டதும் ஓடிருவேன்."

"எந்தக் கால வச்சுக்கிட்டுடா ஓடுவ?"

முத்தழகு தடியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அவன் கம்பை ஊன்றி எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடியும் தீயில் வைத்தான். ஒருத்தன் வெட்கத்துக்காகக் குருட்டு அம்பு விடுகிறான். இன்னொருத்தன் வெட்கத்துக்காக அதன் எதிரே போய் நிற்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் பேசக் கூடாது என்று தாலியைப் பிடித்துச் சத்தியம் செய்தவள் இவள். மூன்று பேரையும் ஒரே உரலில் போட்டு இடித்தால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

மாசி வந்தது. அந்த வருசம் எலெக்சனும் சேர்ந்து வந்ததால் சுவரெல்லாம் சின்னங்களாக இருந்தன. காப்புக் கட்டுகிற அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அய்யனார் கோயில் பொட்டலில் கூடியது. பெண்கள் ஒரு பக்கம் பொங்கல் பானைகளோடு. அந்தப் பானை வரிசையைத் தாண்டி அவர்கள் வரக் கூடாது. ஆண்கள் எதிரே வட்டமாக நின்றார்கள். வேளார் உத்திரத்திலிருந்து வில்களை இறக்கித் துடைத்து, வாழை இலை மேல் வரிசையாக வைத்தார். பூமிநாதன் வீட்டு வில் முதலில் இருந்தது. வயிரம் பாய்ந்து கறுத்த பழைய வில்.

சின்னக்கருப்பு தடியோடு முன்னால் வந்து நின்றான். நொண்டுவது தெரியக் கூடாது என்று ஒரே இடத்தில் அசையாமல் நின்றான். பூமிநாதன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். தோளையும் புஜத்தையும் கண்டு பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஒருவன், "இந்தத் தடவ பன்னி தொலஞ்சுச்சுடா" என்று கத்தினான்.

முத்தழகு தன் பொங்கல் பானையைப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை இறக்கவில்லை.

"முதல் அம்பு வீடு, வந்து வில்லை வாங்கிக்கிறலாம்" என்று வேளார் குரல் கொடுத்தார்.

பூமிநாதன் அடி எடுத்து வைப்பதற்கு முன்னால் முத்தழகு நடந்தாள். பானைகளைத் தாண்டினாள். ஓடவில்லை, வேலைக்குப் போகிற நடைதான். அவள் எதற்கு வருகிறாள் என்று ஊர் புரிந்துகொள்வதற்குள் இலை முன்னால் வந்து குனிந்து, அந்த வில்லை இரண்டு கையாலும் தூக்கி எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குலவை பாதியில் நின்றது. கொட்டு அடித்துக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துக்கொண்டான்.

"ஏ, முத்தழகு!" அம்பலம் கோட்டைச்சாமி அலறினார். "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? கீழ போடு!"

"தொட்டுட்டேன்" என்றாள் முத்தழகு.

"ஏன் தொட்ட? யாரு சொல்லி விட்டா?"

"யாரும் சொல்லல. தொட்டுட்டேன். இனி என்ன செய்யணுமோ செய்யுங்க."

வேளார் கையைப் பிசைந்தார். செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெண் கை பட்ட வில்லைக் கண்மாயில் போட்டுவிட வேண்டும். புது வில்லுக்கு வேட்டை முடிந்த பிறகுதான் மரம் வெட்டலாம். அதுவரை அந்த வீட்டுக்கு அம்பும் இல்லை, பங்கும் இல்லை. அந்த வீட்டு மச்சினனும் புதருக்குள் போகக் கூடாது. அம்பலம் நாலு பேரோடு கூடிப் பேசிவிட்டு வந்து அதையேதான் சொன்னார். முதல் அம்பு முத்துராமலிங்கத்துக்கு என்றார். இந்த வீட்டுப் பெண் இனிமேல் கோயிலில் பானை வைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அப்போதுதான் பூமிநாதன் வந்தான். வந்தவன் ஓங்கி ஓர் அறை விட்டான். கிட்டத்தில் இருந்ததால் குறி தப்பவில்லை.

"மூதேவி! எம்பாட்டன் பூட்டன் மரியாதையத் தண்ணியில போட்டியேடி! நான் வருசம் பூராப் பழகுனதெல்லாம் இதுக்குத்தானா? இந்தக் கை பழகுன பழக்கத்துக்கு ஒரே அம்புல சாச்சிருப்பேனேடி!"

கன்னம் எரிந்தது. ஆனால் முத்தழகு கேட்டது அடியை இல்லை, அந்தக் குரலை. எத்தனையோ வருசம் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? அதில் கோபம் வெறும் மேல்பூச்சு. உள்ளே முழுக்க நிம்மதி. தலைச்சுமையை இறக்கிவைத்தவன் விடுகிற மூச்சு அது. இனி அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம், பெண்டாட்டி கெடுக்காவிட்டால் சாய்த்திருப்பேன் என்று. கண்ணைப் பற்றி ஒருத்தன் கேட்க மாட்டான். அவன் அறைந்ததைவிட அந்த நிம்மதிதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்த அதை விழுங்கிவிட்டு, வில்லை வேளார் காலடியில் வைத்தாள்.

வேட்டையன்று கருவேலங்குடியில் ஆண் என்று மிஞ்சியது கிழவர்களும், முத்தழகு வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும்தான். சின்னக்கருப்பு காலையிலேயே வந்துவிட்டான். அக்காளோடு பேசவில்லை. காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான். பூமிநாதன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது, நாய்கள் குரைத்தன, பிறகு ஒரு பெரிய கூச்சல். மத்தியானம் ஆள் வந்து தெருவில் சொல்லிக்கொண்டே போனான். முத்துராமலிங்கத்தின் முதல் அம்பிலேயே பன்றி விழுந்துவிட்டது. அவன் மச்சினனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள்.

முத்தழகு கருவாட்டுக் குழம்பு வைத்து இரண்டு பேருக்கும் இலை போட்டாள்.

"தலக்கறி வர வேண்டிய வீட்டுல கருவாடு" என்றான் பூமிநாதன்.

"பங்குன்னு ஒரு துண்டு கூட வரல" என்றான் சின்னக்கருப்பு. இத்தனை நேரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. "தெருவுல தல காட்ட முடியல. பயந்துக்கிட்டு அக்காளை விட்டுத் தொடச் சொன்னான்னு பேசுறாங்க."

"எல்லாம் இவளால."

"ஆமா மச்சான், அக்காவாலதான்."

இரண்டு பேரும் இந்த ஒரு விசயத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதைக் கேட்டதும் முத்தழகு அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். குழம்பு தெறித்துச் சுவரில் வழிந்தது.

"திட்டுங்க! ரெண்டு பேரும் நல்லா வாய் வலிக்கத் திட்டுங்க! ஒருத்தன் பாடையில போயி இன்னொருத்தன் செயிலுக்குப் போகாம, ஒரே வீட்டுல உக்காந்து சோறு தின்னுக்கிட்டுத் திட்டுறீகள்ல, திட்டுங்க. நாளைக் காலம்பற மதுரை பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் என்கூட வாரீக. ஆஸ்பத்திரிக்கு."

பூமிநாதன் பதறிப்போய் அவளைப் பார்த்தான். மச்சினன் பக்கம் கண்ணைக் காட்டி, பேசாதே என்று ஜாடை செய்தான். "எதுக்கு ஆஸ்பத்திரி? யாருக்கு என்ன? இவன் காலுக்கா?"

சின்னக்கருப்பு சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒங்க கண்ணுக்கு மச்சான். எனக்குப் போன மாசியிலயே தெரியும்."

பூமிநாதனின் கை இலை மேல் அப்படியே நின்றது. அவன் தலை மெதுவாகத் தாழ்ந்தது. பாதி அழுகையும் பாதி வீம்புமாக, "வர மாட்டேன்னா என்னடி செய்வ?" என்று கேட்டான்.

"அடுத்த மாசியும் வரும். அய்யனாரு கோயிலு அங்கனயேதான் இருக்கும். புது வில்லு செஞ்சு தொங்க விடுவீகள்ல? அதையும் தொடுவேன். அதுக்கு மறு வருசத்து வில்லையும் தொடுவேன். ஒங்களுக்குக் கண்ணு வர்ற வரைக்கும் வருசா வருசம் வந்து தொடுவேன். அதுக்கு எங்கைக்கு ஒரு பழக்கமும் வேண்டாம்."

சொல்லிவிட்டு இரண்டு இலையிலும் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அவர்கள் அதையும் பிசைந்து தின்றார்கள்.